கடைசி மூன்று அவுட்டுக்காகக் காத்திருந்தவர்
(வாசகர் கேள்வி – பதில்)

அமெரிக்க பேஸ்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்னும் புகழ் மண்டபத்துக்கு, வாக்களித்த அத்தனை செய்தியாளர்களின் ஆதரவோடும் முதன்முதலில் தேர்வானவர் மரியானோ ரிவேரா என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். 2019-ஆம் ஆண்டுத் தேர்வில் பதிவான 425 வாக்குகளும் அவருக்கே விழுந்தன. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் பல. பேஸ்பால் அதிகம் தெரியாத வாசகர்கள் இவ்வளவு அக்கறையோடு கேட்டிருப்பதால், இந்த வாரப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: ‘ரிலீஃப் பிட்ச்சர்’ என்றால் யார்? ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு இன்னிங்ஸ் மட்டும் பந்து வீசிவிட்டுப் போகிறவருக்கு ஏன் இவ்வளவு பெரிய மரியாதை?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ் உண்டு, ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று பேரை அவுட் ஆக்கியதும் அணிகள் இடம் மாறும். ஆட்டத்தைத் தொடங்கும் பந்து வீச்சாளர் தொடர்ந்து வீசிக்கொண்டே இருப்பார். நம் கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதுபோல அங்கே மாறுவதில்லை. சுமார் 90 முதல் 100 பந்துகளுக்குப் பிறகு அவர் கை தளரும். அப்போது அவரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்குவார்கள். அப்படி மாற்றாக வருகிறவர்தாம் ரிலீஃப் பிட்ச்சர். வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது என்பது இதில் முக்கியமான விதி. ஆகவே யாரை எப்போது இறக்குவது என்பது ஒவ்வொரு மேலாளரும் கவலையோடு எடுக்கிற முடிவாக இருக்கிறது.

இந்த மாற்றுப் பந்து வீச்சாளர்களுக்கு மைதானத்தின் கோடியில், வேலிக்கு அப்பால், ‘புல்பென்’ என்று ஓர் இடம் உண்டு. அணி ஆடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். தொலைபேசி மணி அடித்தால் இன்னார் கையைச் சூடாக்கிக்கொள்ளட்டும் என்று பொருள். அவர்களுள்ளும் கடைசி ஆளாக, தன் அணி ஒன்றிரண்டு ரன் முன்னிலையில் இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துத் தர வருகிறவரைக் ‘குளோசர்’ என்பார்கள். மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையோடு வந்து, குறைந்தது ஒரு இன்னிங்ஸ் வீசி, அந்த முன்னிலையை இழக்காமல் ஆட்டத்தை முடித்தால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ சேரும். இதற்கு வேறு சில வழிகளும் உண்டு, அடிப்படை இதுதான். 1969 முதல் இது அதிகாரபூர்வமான கணக்காக இருக்கிறது. ரிவேரா 19 ஆண்டுகளில் சேர்த்தவை 652. வேறு எவரும் அந்த எண்ணை எட்டவில்லை.

மரியாதைக்குக் காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு இன்னிங்ஸ்வரை பத்துப் பன்னிரண்டு பேர் உழைத்துச் சேர்த்து வைத்ததைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒருவர் கையில் ஒப்படைக்கிறார்கள். தொடக்க வீச்சாளர் மூன்றாவது இன்னிங்ஸில் தவறினால் அதைச் சரிசெய்ய ஆறு இன்னிங்ஸ் மிச்சமிருக்கிறது. குளோசர் தவறினால், பெரும்பாலும், எல்லோரும் அந்த நிமிடமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கேள்வி: அவர் அமெரிக்கர் அல்லர் என்று படித்தேன். அவருடைய இளமைக்காலம் பற்றிச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ரிவேரா பனாமா நாட்டுக்காரர், 1969 நவம்பர் 29 அன்று பிறந்தார். வளர்ந்தது புவெர்த்தோ கைமீத்தோ என்னும் பசிபிக் கடலோர மீனவ ஊரில். தகப்பனார் மீன்பிடிப் படகின் தலைவர். பிள்ளைகள் கடற்கரையில் பேஸ்பால் ஆடுவார்கள். மரக்கிளைதான் மட்டை, பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறை, கிழிந்த மீன்வலையைச் சுருட்டிப் பட்டை சுற்றிப் பந்து. பின்னாளில் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கியபோதும் அந்த அட்டைக் கையுறையைப் பற்றி அவர் கூச்சமில்லாமல், அன்போடு பேசியிருக்கிறார்.

பதின்ம வயதின் கடைசியில் தகப்பனாரோடு மத்தி மீன் பிடிக்கக் கடலுக்குப் போனார். ஒருமுறை அவர்கள் படகு கடலில் மூழ்கியது. ஆட்கள் தப்பிப் பிழைத்தார்கள். கடல் தொழில் தனக்கு வேண்டாம் என்ற எண்ணம் அவருக்கு அழுத்தமாக ஏற்பட்டது. உள்ளூர் அணியில் அவர் பந்து வீச்சாளராகவே இருக்கவில்லை. ஷார்ட்ஸ்டாப் என்னும் இடத்தில் நின்று பந்து தடுப்பவராக இருந்தார். ஒருநாள் அணியின் வீச்சாளர் சொதப்பியதால் இவரே முன்வந்து வீசினார். அதைப் பார்த்த சக ஆட்டக்காரர்கள் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆள்தேடும் அலுவலருக்குச் செய்தி சொல்லிவிட்டார்கள். 1990 பிப்ரவரியில், மூவாயிரம் டாலருக்கு மிகாத ஒரு தொகைக்கு அவர் ஒப்பந்தமானார். மற்ற ஆட்டக்காரர்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாமல் ஃபுளோரிடாவில் போய் இறங்கினார். சக ஆட்டக்காரர்களோடு பேச முடியாத தனிமையில் இரவில் அழுததை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். 1992-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே ஆண்டின் இறுதியில் இரண்டு புதிய அணிகள் மற்ற அணிகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கியெடுக்க அனுமதி கிடைத்தபோது, யாங்கீஸ் நிர்வாகம் பாதுகாத்து வைத்தவர்களின் பட்டியலில் ரிவேராவின் பெயர் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், இரண்டு அணிகளும் கேட்கவில்லை. 1995-இல் இன்னோர் அணியோடு நடந்த பரிமாற்றப் பேச்சிலும் அவர் பெயர் அடிபட்டது. அந்த நேரத்தில் கீழ்நிலை ஆட்டம் ஒன்றில் அவருடைய பந்தின் வேகம் திடீரென்று மணிக்கு 95 மைலை, அதாவது சுமார் 153 கிலோமீட்டரைத் தொட்டதாகச் செய்தி வந்தது. வேகமானி பழுதாக இருக்குமோ என்று நிர்வாகி வேறோர் இடத்திலும் விசாரித்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் பரிமாற்றப் பேச்சைக் கைவிட்டார். இந்த ஆண்டுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், திறமை கண்முன் நின்றாலும் அதை அடையாளம் காண எத்தனை பேருக்கு எத்தனை காலம் ஆகிறது என்ற வியப்பு எனக்குத் தீர்ந்தபாடில்லை.

கேள்வி: அவர் ஒரே வகைப் பந்தைத்தான் வீசினார் என்கிறார்கள். இன்ன பந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தும் அடிப்பவர்களால் ஏன் அடிக்க முடியவில்லை?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அந்தப் பந்தின் பெயர் ‘கட்டர்’. கிரிக்கெட் பார்க்கிற உங்களுக்கு லெக் கட்டர் தெரிந்திருக்கும். வலக்கை வேகப்பந்து வீச்சாளர் விரலால் அறுத்துவிடும் அந்தப் பந்து தரையில் பட்ட பிறகு வலக்கை ஆட்டக்காரரை விட்டு விலகிப் போகும். பேஸ்பாலில் பந்து தரையில் படுவதில்லை. ஆகவே விலகல் முழுவதும் காற்றிலேயே, அதுவும் கடைசிச் சில அடி தூரத்தில் நிகழ்கிறது. சாதாரண வேகப்பந்தைப் பிடிப்பதுபோலவே பிடித்து, விரல்களை மையத்திலிருந்து ஓர் இழை தள்ளி வைத்து, விடும் கணத்தில் நடுவிரலால் சற்று அழுத்த வேண்டும். பந்தின் சுழற்சி அச்சு இலேசாகச் சாய்ந்துவிடும். எறிகிற இடத்துக்கும் அடிக்கிற இடத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். அந்தத் தூரத்தைக் கடக்கப் பந்துக்கு ஆகும் நேரம் அரை நொடிக்கும் குறைவு. பாதி வழியிலேயே மட்டையைச் சுழற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். அதுவரை இந்தப் பந்து நேர்கோட்டு வேகப்பந்தாகவே கண்ணுக்குத் தெரியும். முடிவெடுத்த பிறகு சில அங்குலம் நகரும். ஆகவே என்ன பந்து என்று தெரிந்தாலும், எங்கே வந்து சேரும் என்பதைக் கை அறிவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

இடக்கை ஆட்டக்காரர்களுக்கு இன்னும் துன்பம். வலக்கையால் வீசப்பட்ட அந்தப் பந்து அவர்களை நோக்கி உள்ளே வரும். மட்டையின் நடுப்பகுதியில் பட வேண்டியது கைப்பிடியை ஒட்டி மெலிந்த இடத்தில் படும். மரம் அங்கே முறியும். ஆண்டின் பட்டத்தை முடிவுசெய்யும் இறுதித் தொடருக்கு ‘வேர்ல்டு சீரீஸ்’ என்று பெயர். 1999 வேர்ல்டு சீரீஸில் அட்லாண்டா அணியின் ரையன் கிளெஸ்கோ ஒரே முறை ஆட வந்தபோது அடுத்தடுத்து மூன்று மட்டைகள் முறிந்தன. அவருடைய சொந்த அணியினரே பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து ரிவேரா விடைபெற்றபோது மின்னசோட்டா அணியினர் அவருக்குக் கொடுத்த பரிசு, முறிந்த மட்டைகளைக் கொண்டே செய்த, முன்னும் பின்னும் ஆடும் சாய்வு நாற்காலி ஒன்று.

இந்தப் பந்தை அவர் தேடிக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1997 ஜூன் மாதம், நாட்டுக்காரரும் அணித்தோழருமான ரமீரோ மெண்டோஸாவோடு ஆட்டத்துக்கு முன் சாதாரணமாகப் பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். இவர் எறிந்த பந்து மெண்டோஸாவின் கையுறைக்குள் போய்ச் சேராமல் கடைசி நொடியில் விலகி விலகிப் போயிற்று. ஏன் இப்படி எறிகிறாய் என்று அவர் கோபித்துக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை என்றார் இவர். பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயரும் ரிவேராவும் சில வாரங்கள் முயன்று பந்தை நேராக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. சரி, இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தம் ஆட்ட வாழ்வைப் பற்றிப் பேசும் ஒவ்வோர் இடத்திலும் ரிவேரா இந்தப் பந்தைக் கடவுள் கொடுத்தது என்றே குறிப்பிடுகிறார். அவர் ஆழ்ந்த பக்தர். அதை உவமையாகச் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படி நம்புகிறார்.

கேள்வி: ‘சேவ்’ என்பது மிகையாகப் போற்றப்படும் கணக்கு என்று புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்களே, அதில் உண்மை இருக்கிறதா?
– வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: இருக்கிறது. மூன்று ரன் முன்னிலையைக் காப்பாற்ற மூன்று அவுட் எடுப்பது, தேர்ந்த வீச்சாளர் பெரும்பாலானோருக்குக் கைகூடுகிற காரியம். அதற்கும் ஒரு சேவ். ஒரே ரன் முன்னிலையில், ரன் எடுக்க ஓடுகிறவர் கடந்து வர வேண்டிய ‘பேஸ்’ என்னும் மூன்று நிலைகளிலும் ஆள் நிற்கும்போது வந்து காப்பாற்றுவதற்கும் ஒரு சேவ். இரண்டையும் ஒன்றாக எண்ணுகிற கணக்கில் குறை உண்டுதான்.

ஆனால் ரிவேராவை அளக்க அந்தக் கணக்கு தேவையே இல்லை. பட்டத்துக்கான அக்டோபர் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 96 ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ் வீசினார்; அதாவது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை இன்னிங்ஸ். மற்ற அணிகளின் குளோசர்கள் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வந்தபோது இவர் எட்டாவதிலேயே வந்துவிடுவார். அந்த 141 இன்னிங்ஸிலும் அவர் கணக்கில் ஏறிய ரன்கள் மொத்தம் 11. ஒன்பது இன்னிங்ஸுக்கு 0.70 ரன் என்று அது வரும். ஆண்டின் மிகக் கடினமான ஆட்டங்களில், மிகச் சிறந்த அணிகளுக்கு எதிராக, வழக்கமான பருவத்தில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு ரன்னே கொடுத்தார். 2003-இல் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் ஒன்பது, பத்து, பதினொன்று என மூன்று இன்னிங்ஸ் தொடர்ந்து வீசினார். ஏரன் பூன் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து எடுத்த ‘ஹோம் ரன்’னால் யாங்கீஸ் வென்றபோது எல்லோரும் அவரை நோக்கி ஓட, ரிவேரா மட்டும் வீச்சு மேட்டுக்கு ஓடி, மண்ணில் முகம் பதித்து விழுந்து கிடந்தார்.

கேள்வி: நான் ஒரு பள்ளியில் கிரிக்கெட் பயிற்சி கொடுக்கிறேன். என் மாணவன் ஒருவன் மாவட்டப் போட்டியின் கடைசி ஓவரில் 9 ரன்னைக் காப்பாற்ற முடியாமல் தோற்றான். அதற்குப் பிறகு மைதானத்துக்கே வர மறுக்கிறான். ரிவேரா போன்றவர்கள் தோல்விகளை எப்படிக் கடந்தார்கள்? இப்போது திரும்பிப் பார்க்கும்போது அவற்றைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?
– பயிற்சியாளர், சேலம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். இந்த வாரப் பகுதியை இந்தப் பதிலுக்காகவே எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ரிவேராவின் மறக்க முடியாத தோல்வி 2001 நவம்பர் 4 அன்று அரிசோனாவில் நடந்தது. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். துயரத்தில் கிடந்த நியூயார்க் நகரம் அந்த அணியை மனத்தில் சுமந்துகொண்டிருந்தது. வேர்ல்டு சீரீஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். யாங்கீஸ் 2–1 என்று முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிவேரா மூன்று அவுட்டையும் ‘ஸ்டிரைக் அவுட்’டாகவே, அதாவது ஆட்டக்காரர் பந்தைச் சரியாக அடிக்க முடியாமலே வெளியேறும்படி, எடுத்தார். ஒன்பதாவதில் முதல் ஆட்டக்காரர் ஒரு ‘சிங்கிள்’ அடித்து முதல் பேஸை அடைந்தார். அடுத்தவர் மெல்லத் தட்டிவிட்ட பந்தை எடுத்து, இரண்டாவது பேஸுக்கு ரிவேரா எறிந்த எறி தவறிப் போயிற்று. பந்து தடுப்பாளராக வாழ்வைத் தொடங்கியவர், தம் கையாலேயே அப்படியொரு பிழை செய்தார். பிறகு டோனி வோமக் அடித்த அடியில் ஆட்டம் சமமாயிற்று. அடுத்தவர் உடம்பில் பந்து பட்டதால் விதிப்படி அவருக்கு முதல் பேஸ் கிடைத்தது. மூன்று பேஸும் நிரம்பின.

அப்போது ஆட வந்தவர் லூயிஸ் கொன்சாலெஸ். வெற்றி ரன் ஓடிவிடாமல் தடுக்க, உள்வட்டத் தடுப்பாளர்கள் எல்லோரையும் முன்னால் நெருங்கி நிற்கச் சொல்லியிருந்தார்கள். ரிவேரா வீசியது அவருடைய நல்ல கட்டர்தான். அது இடக்கை ஆட்டக்காரரான கொன்சாலெஸின் கைப்பக்கம் புகுந்து மட்டையை முறித்தது. செய்ய வேண்டியதைத்தான் செய்தது. முறிந்த மட்டையிலிருந்து கிளம்பிய பந்து, வலுவில்லாமல் எழும்பி, முன்னால் நின்ற டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேலே போய்ப் புல்லின் தொடக்கத்தில் விழுந்தது. வழக்கமான இடத்தில் அவர் நின்றிருந்தால் எளிதாகப் பிடித்திருப்பார். ஆட்டம் முடிந்தது, பட்டமும் போயிற்று. அந்தப் பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பந்து விழுந்ததும் ரிவேரா திரும்பி, எந்தச் சைகையும் இல்லாமல், யாரையும் நொந்துகொள்ளாமல் நடந்து வெளியேறுகிறார்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. யாங்கீஸ் வென்றிருந்தால் நியூயார்க்கில் வெற்றி ஊர்வலம் நடந்திருக்கும். சக ஆட்டக்காரர் என்ரீக்கே வில்ஸன் அதற்காகத் தங்கியிருந்து, நவம்பர் 12 அன்று டொமினிக்கன் குடியரசுக்குப் போகும் விமானத்தில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. தோற்றதால் முன்கூட்டியே கிளம்பிவிட்டார். அந்த நவம்பர் 12 விமானம் நியூயார்க்கில் கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து, அதில் இருந்த 260 பேரும் மாண்டார்கள். நாங்கள் தோற்றதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் என் நண்பன் உயிரோடு இருக்கிறான் என்ற பொருளில் ரிவேரா பின்னர் சொன்னார்.

உங்கள் மாணவனுக்கு இந்தக் கதையைச் சொன்னால் போதாது என்று நினைக்கிறேன். எல்லாத் தோல்விக்கும் இப்படியொரு ஆறுதல் பின்னால் வருவதில்லை. அவனுக்கு அதைவிடப் பயன்படக் கூடியது 1997-ஆம் ஆண்டு. அந்த ஆண்டுதான் ரிவேரா முதன்முதலாகக் குளோசர் பொறுப்பை ஏற்றார். வந்த முதல் ஆறு வாய்ப்புகளில் மூன்றைக் கோட்டைவிட்டார். மேலாளர் ஜோ டோரி அவரை அறைக்கு அழைத்து, நான் இங்கே இருக்கும்வரை நீதான் என் குளோசர், கவலைப்படாதே என்று சொன்னார். அந்தச் சொல் தன் நெஞ்சிலிருந்த பாரத்தை இறக்கிவிட்டது என்று ரிவேரா நினைவுகூர்ந்திருக்கிறார். கட்டர் பந்து கைவந்ததும் அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகுதான். அதே ஆண்டு அக்டோபரில், இன்னும் நான்கு அவுட் எடுத்தால் தொடரே கைக்கு வந்துவிடும் என்ற நிலையில், கிளீவ்லாந்தின் சாண்டி அலோமர் அவர் பந்தை வேலிக்கு வெளியே அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். யாங்கீஸ் அந்த ஆட்டத்தையும் தொடரையும் இழந்தது. டோரி அடுத்த ஆண்டும் அவரையே இறக்கினார். 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளின் அக்டோபர் ஆட்டங்களிலும் ரிவேரா கணக்கில் ஒரு ரன்கூட ஏறவில்லை. இரண்டு முறையும் பட்டம் யாங்கீஸுக்கே.

ஐயா, உங்கள் கையில் இருக்கிற மருந்து இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவனை அழைத்து அறிவுரை சொல்வதைவிட, அடுத்த போட்டியில் கடைசி ஓவர் உனக்குத்தான் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். சொன்னபடியே கொடுங்கள். அதிலும் தோற்றால் மூன்றாவது முறையும் கொடுங்கள்.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். ஓக்லாந்து அணியின் டென்னிஸ் எக்கர்ஸ்லி, ரிவேராவுக்கு முந்திய தலைமுறையின் பெரிய குளோசர். 1988 வேர்ல்டு சீரீஸின் முதல் ஆட்டத்தில், இன்னும் ஓர் அவுட் எடுத்தால் வெற்றி என்ற நிலையில், இரண்டு கால்களிலும் காயத்தோடு நொண்டியபடி ஆட வந்த கிர்க் கிப்ஸன் இவர் பந்தை ஹோம் ரன் அடித்துத் தோற்கடித்தார். அன்றிரவு எக்கர்ஸ்லி உடைமாற்றும் அறையிலேயே நின்று, கேட்ட ஒவ்வொரு செய்தியாளருக்கும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கும், பொறுமையாகப் பதில் சொன்னார். பந்து மோசம், அவர் அடித்தார் என்பதை மறைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்தில்தான் குடிப்பழக்கத்தை விட்டிருந்தார். தன்னைத் தானே நேருக்கு நேர் பார்க்கப் பழகியது அங்கேதான் என்று நான் எண்ணுகிறேன். 1992-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் கிப்ஸனோடு ஒரே மேடையில் அமர்ந்து அந்த அடியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இருவரும் நெருங்கினார்கள். உங்கள் மாணவனும் ஒருநாள் அந்த ஒன்பது ரன்னைப் பற்றி வாய்விட்டுப் பேசட்டும். கேட்பதற்கு நீங்கள் அருகில் இருங்கள்.

கேள்வி: ரிவேராவை அச்சமின்றி அடித்தவர் யாருமே இல்லையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒருவர் இருந்தார். சியாட்டில் அணியின் எட்கர் மார்டினெஸ். வழக்கமான பருவ ஆட்டங்களில் ரிவேராவுக்கு எதிராக 19 முறை மட்டை பிடித்து 11 முறை வெற்றிகரமாக அடித்தார். பத்தில் மூன்று முறை அடித்தாலே சிறந்த ஆட்டக்காரர் என்று சொல்லும் விளையாட்டில் இது நம்ப முடியாத கணக்கு. மிகக் கடினமான எதிராளி யார் என்று கேட்கும்போதெல்லாம் ரிவேரா தயங்காமல் அவர் பெயரைச் சொன்னார். அவரும் புகழ் மண்டபத்தில் இருக்க வேண்டியவர் என்றும் சேர்த்துச் சொன்னார். 2019 ஜூலையில் கூப்பர்ஸ்டவுன் நகரில் ரிவேரா சேர்க்கப்பட்ட அதே மேடையில், அதே நாளில், மார்டினெஸும் சேர்க்கப்பட்டார்.

கேள்வி: அவர் அணிந்த 42 என்ற எண்ணுக்கு ஏதோ வரலாறு உண்டாமே?
– வாசகி, சென்னை

பதில்: உண்டு. அது ஜாக்கி ராபின்ஸனின் எண். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி, மேல்நிலை பேஸ்பாலில் நெடுங்காலமாக இருந்த நிறத் தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர். அதன் ஐம்பதாம் ஆண்டான 1997-இல், இனி எந்த அணியிலும் யாருக்கும் அந்த எண்ணைத் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம். ஒவ்வொருவராக ஓய்வு பெற, கடைசியில் மிஞ்சியவர் ரிவேரா. அவர் கேட்டுப் பெற்ற எண் அல்ல அது. அணி நிர்வாகம் தற்செயலாகக் கொடுத்தது. ஆனால் கடைசி ஆளாக அதைச் சுமப்பதைப் பெரும் பொறுப்பாகக் கருதியதாக அவர் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: உச்சத்தில் இருக்கும்போதே விலகினாரா? கடைசி நாட்கள் எப்படி இருந்தன?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: 2012 மே மாதம், கான்ஸஸ் சிட்டியில் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது, உயர எழும்பி வந்த பந்தைப் பிடிக்க ஓடியவரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. வயது 42. எல்லாம் முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். இப்படி விழுந்து கிடந்தபடி முடிக்க மாட்டேன் என்று சொல்லி, அறுவை சிகிச்சைக்குப் பின் 2013-இல் திரும்பி வந்து 44 சேவ் எடுத்தார். அதுவே தம் கடைசி ஆண்டு என்று முன்பே அறிவித்திருந்தார்.

அந்த ஆண்டு முழுவதும் ஊர் ஊராக வழியனுப்பு விழா நடந்தது. பரிசுகளை வாங்கிக்கொண்டதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு மைதானத்திலும் ஆட்டத்துக்கு முன்பாக, நுழைவுச்சீட்டுக் கிழிப்பவர், சமையல்காரர், புல்தரை பராமரிப்பவர், நெடுங்கால ரசிகர்கள் ஆகியோரைச் சந்திக்க ஏற்பாடு செய்யச் சொல்லி, அவர்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசினார். இத்தனை ஆண்டுகள் இந்த ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்த அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம்.

சொந்த மைதானத்தில் அவர் கடைசியாக வீசியது 2013 செப்டம்பர் 26 இரவு. யாங்கீஸ் 4–0 என்று பின்தங்கியிருந்தது. காப்பாற்ற முன்னிலையே கிடையாது. எட்டாவது இன்னிங்ஸில் வந்து, அடுத்தடுத்து நான்கு பேரை அவுட் ஆக்கினார். ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆனபோது அவரை எடுக்க மேலாளர் வரவில்லை. அவருக்குப் பதிலாக, கீழ்நிலை அணிகளிலிருந்தே இருபது ஆண்டுகளாக உடன் ஆடிய ஜீட்டரும் ஆண்டி பெட்டிட்டும் நடந்து வந்தார்கள். பந்தை வாங்கிக்கொண்டதும், தோல்வியிலும் வெற்றியிலும் முகம் மாறாத அந்த மனிதர் பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். கூட்டம் எழுந்து நின்றது. எதிரணியினரும் தங்கள் இடத்தில் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ஆட்டம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர் சற்று நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வீச்சு மேட்டுக்குப் போய், தம் கால் வழக்கமாக ஊன்றுகிற இடத்தில் குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.